பேட்ச் குரூப் இலக்கணம்: முன்னாள் மாணவியர் செய்திகள் குறித்த ஓர் ஆய்வேட்டுச் சுருக்கம்

தூது இலக்கியத்தைப் பற்றித் தமிழில் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. அன்னம் போனது, கிளி போனது, நெஞ்சு போனது, பணமும் புகையிலையும்கூடப் போயின. அத்தனைக்கும் பின்னாலேயே ஆய்வாளர்களும் போய்ப் பட்டம் வாங்கிவிட்டார்கள். பெண்கள் கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அதன்பின் ஒருத்திக்கொருத்தி விடும் தூதைத்தான் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தது இந்த ஆய்வு. பேராசிரியையாகிவிட்ட வகுப்புத் தோழி ஒருத்தியிடம் நெறியாளராக இருக்கும்படி கேட்டிருந்தேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதையே பல்கலைக்கழகப் பதிவுக் கடிதமாக எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலங்கள், தமிழ்நாட்டுப் பெண்கள் கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்சி. முடித்து, இன்று மூட்டுவலித் தைலங்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் வயதில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்புகள். ஆண்களின் குரூப்புகள் விலக்கப்பட்டன. அவை பற்றிய தரவுகள் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் திரட்டப்பட்டவை. ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாது.

முன்னோடிகள்

இந்த இலக்கிய வகை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளின் முன்னாள் மாணவியர் இதழ்களில் பின்பக்கங்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பட்டம் வாங்கிய ஆண்டுவாரியாக வகுப்புக்கு ஒரு பத்தி. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் வேலை மாறினாள், யார் காலமானாள் என்று திரட்டி எழுத வகுப்புக்கு ஒரு செயலாளர். இதழ் கைக்கு வந்ததும் முன்பக்கக் கட்டுரைகளைத் தள்ளிவிட்டு நேரே அங்கேதான் போவார்கள். மூத்த வகுப்பு முதலில் வருவது வழக்கம் என்பதால் உங்கள் வகுப்பின் பத்தி வருஷத்துக்கு வருஷம் முன்னேறிக்கொண்டே இருக்கும். யாரும் ஆசைப்படாத முன்னேற்றம்.

அப்படியொரு பெண்கள் கல்லூரியாக அன்று இருந்த வாஸரில் 1933இல் பட்டம் பெற்ற மேரி மெக்கார்த்தி, அதே ஆண்டு அங்கே படிப்பை முடித்த எட்டுப் பெண்களை வைத்து 1963இல் ஒரு நாவல் எழுதினார். எட்டுப் பேரில் ஒருத்தி கல்லூரி இதழுக்கு வகுப்புச் செய்தி எழுதி அனுப்புகிறவள். நாவலின் பெயர் ‘தி குரூப்’. வாட்ஸ்அப் பிறந்த 2009க்கு 46 ஆண்டுகள் முந்தியது. அதில் தங்களை அடையாளம் கண்டுகொண்ட வகுப்புத் தோழிகள் கொதித்துப் போனார்கள். நம் அட்மின்கள் யாரும் இதுவரை நாவல் எழுதாமல் இருப்பதற்கு இந்த முன்னுதாரணம் காரணமாகலாம்.

சென்னையில் கணக்கு 1914இல் தொடங்குகிறது. பின்னாளில் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்ற பெண்கள் கல்லூரி அந்த ஆண்டுதான் கடற்கரைச் சாலையில் தொடங்கியது. முதல்வர் டோரதி டி லா ஹே. மறு ஆண்டே பெண்கள் கிறித்தவக் கல்லூரி வந்தது. அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1920களிலேயே அதைச் சகோதரிக் கல்லூரியாக வரித்துக்கொண்டது. அந்த நாட்களில் படித்து முடித்துப் போனவர்களுக்கு இருந்த ஒரே வழி கடிதம். போஸ்ட் கார்டை முதலில் தபால்காரரும் பிறகு மாமனாரும் படித்தார்கள். 1950 அக்டோபர் 2 அன்று இன்லண்ட் லெட்டர் வந்தது. அதை மாமியார் மட்டும் பிரித்துப் படித்தார். இந்த நுணுக்கத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாமவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதும் பயிற்சி நம் பெண்களுக்கு மூன்று தலைமுறைப் பழக்கம்.

இனிஷியல் சிக்கல்

முன்னாள் மாணவர் ஒருவர் கல்லூரியை விட்டு எந்தப் பெயரோடு போனாரோ அதே பெயரோடுதான் சாகும்வரை இருப்பார். தலைமுடி போயிருக்கலாம், இனிஷியல் போகாது. முன்னாள் மாணவிக்கு அப்படியில்லை. தாலி ஏறியதும் அப்பாவின் எழுத்து இறங்கி வீட்டுக்காரர் எழுத்து ஏறிவிடுகிறது. ஆட்டோகிராஃப் நோட்டில் ‘மறக்காதே’ என்று எழுதி அடியில் தந்த விலாசம் தாய்வீட்டு விலாசம். அதற்குச் செல்லுபடிக் காலம் முகூர்த்த நாள் வரைக்கும்தான். பிறகும் அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டால், பெண்ணின் அப்பா அதை அடித்துப் புது விலாசம் எழுதித் தபால்பெட்டியில் திரும்பப் போட வேண்டும். அவருக்கு மனமிருந்தால் சிநேகிதம் நீடித்தது. போன் நம்பர் என்று இருந்தது பெரும்பாலும் பி.பி. நம்பர். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டோடு சண்டை வந்தால் அதுவும் போயிற்று.

இதன் விளைவைக் கணிதத் துறையினர் ஆராய வேண்டும். எந்த பேட்ச்சிலும் நான்கு விஜயலட்சுமிகள் இருப்பார்கள் என்பது இந்த ஆய்வின் அடிப்படை விதி. ஆர். விஜயலட்சுமி ஒரு சுப்பிரமணியத்தைக் கட்டிக்கொண்டு எஸ். விஜயலட்சுமி ஆகிறாள். பழைய எஸ். விஜயலட்சுமி ஒரு கிருஷ்ணமூர்த்தியைக் கட்டிக்கொண்டு கே. ஆகிறாள். பழைய கே. விஜயலட்சுமி ஒரு ராமநாதன் வீட்டுக்குப் போய் ஆர். ஆகிவிட்டால் சுற்று முடிந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு எஸ். விஜயலட்சுமி என்றொருத்தி குரூப்பில் சேர்ந்ததும், ‘நீ பாடின பாட்டு இன்னும் காதுல இருக்குடி’ என்று எல்லோரும் உருகுகிறார்கள். பாடியது இன்னொருத்தி. வந்தவள் மறுக்கவில்லை. முப்பது வருஷமாக யாரும் பாராட்டாத ஒருத்திக்குத் தவறான விலாசத்துக்கு வந்த பாராட்டைத் திருப்பி அனுப்ப மனம் வராது.

டி.பி.யைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று இளம் ஆய்வாளர்கள் கேட்கக்கூடும். டி.பி.யில் இருப்பது முருகன், மஞ்சள் ரோஜா, அல்லது பேரக் குழந்தை. ஆகவே வேறு அடையாளங்களை நாட வேண்டியிருக்கிறது. கெமிஸ்ட்ரி லேப்பில் பியூரெட்டை உடைத்தவள், மெஸ்ஸில் ஊத்தப்பத்தில் கரப்பான் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வார்டன் அறைக்கே போனவள், சுவரேறிக் குதித்துப் படம் பார்க்கப் போனவள். பெயர் அழிந்தாலும் செய்த குற்றம் அழிவதில்லை என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. ஒழுங்காகப் படித்து, வம்பு தும்பில்லாமல் தேறிப் போனவர்களை இன்றுவரை யாராலும் அடையாளம் காண முடியவில்லை.

அடையாளம் உறுதிப்படும் தருணத்துக்குத் திட்டவட்டமான மொழியியல் சான்று உண்டு. முதல் மெசேஜ்: ‘வணக்கம், நீங்க எந்த மேஜர்?’ இரண்டாவது: ‘நீ கடைசி பெஞ்சா?’ மூன்றாவது: ‘அடிப்பாவி, நீயாடி!’ பன்மையிலிருந்து ஒருமைக்கு, ஒருமையிலிருந்து ‘டி’க்கு. ரிட்டையரான மாவட்டக் கல்வி அலுவலரானாலும், பேங்க் மேனேஜரானாலும், மூன்றாவது மெசேஜுக்கு மேல் மரியாதை தாங்குவதில்லை.

கூற்றும் கேட்போரும்

தொல்காப்பியர் அகப்பாட்டுக்கு வகுத்த உறுப்புகள் பேட்ச் குரூப்புக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு ஆய்வாளருக்கே மருட்கை உண்டாயிற்று. அகப்பாட்டில் தலைவன் பெயரையும் தலைவி பெயரையும் சொல்லக் கூடாது. குரூப்பிலும் அப்படியே. ‘ஒருத்தரோட மருமக தனிக்குடித்தனம் போயிட்டாளாம்’ என்று செய்தி வரும். ஒருத்தர் யார் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருத்தருக்கும் தெரியும், அவரும் குரூப்பில்தான் இருக்கிறார்.

இதைவிட நுட்பமானது சிறைப்புறம். தலைவன் வேலிக்கு வெளியே வந்து நிற்பான். தோழி அவனைப் பார்க்காதவள் போலத் தலைவியிடம் பேசுவாள். பேச்சு முழுதும் அவன் காதில் விழுவதற்கென்றே சொல்வது. ‘ஏண்டி கவிதா, நம்மளையெல்லாம் ஞாபகம் வெச்சு நீயாவது போன் பண்றியே’ என்ற மெசேஜில் கவிதாவுக்கு ஒன்றுமில்லை. வேலிக்கு வெளியே நிற்பவள் வேறொருத்தி. போஸ்ட் கார்டு காலத்தில் மாமனாருக்கும் சேர்த்து எழுதிப் பழகிய கைதான் இது. அகநானூற்றுக்கு உரை சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே எளிதில் கரையேறலாம். தெரியாதவர்கள், ‘கவிதா சொல்றது சரி’ என்று பதில் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

மெய்ப்பாட்டில் மட்டும் நவீனம் பின்தங்கிவிட்டது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு எட்டு. 2022இல் வாட்ஸ்அப் மெசேஜுக்கு எதிர்வினைக் குறிகளைக் கொண்டுவந்தபோது கொடுத்தது ஆறு. சிரிப்பு, கண்ணீர், வியப்பு, இதயம் ஆகியவற்றை நகை, அழுகை, மருட்கை, உவகை என்று கொள்க. கட்டை விரலும் கும்பிட்ட கையும் தொல்காப்பியர் காணாதவை. பெருமிதத்துக்குக் குறி தரப்படவில்லை. தேவையுமில்லை, பையன் கிரீன் கார்டு வாங்கிய செய்தியே அதுதான். வெகுளிக்கும் அப்போது குறியில்லை. வெகுண்டவள் குரூப்பை விட்டு வெளியேறுவாள். முன்பெல்லாம் அவள் வெளியேறியது எல்லோர் கண்ணிலும் ஒரு வரியாக விழும், பத்துப் பேர் போன் போட்டுச் சமாதானம் செய்வார்கள். 2022 ஆகஸ்டில் சத்தமில்லாமல் வெளியேறும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அட்மினுக்கு மட்டும் அறிவிப்பு போகும். பெண்கள் கோபத்தை இவ்வளவு அவமதித்த மென்பொருள் மாற்றம் வேறில்லை.

குற்றம் பத்து என்று நன்னூல் சொல்கிறது. அத்தனையையும் விளக்க இங்கே இடமில்லை, குரூப்பைத் திறந்தாலே போதும். காலையில் வரும் குட்மார்னிங் படம் வெற்றெனத் தொடுத்தல். அதே படம் ஆறு பேரிடமிருந்து வருவது கூறியது கூறல். ஒரு நேரத்தில் ஐந்து பேருக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று 2018இல் இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது இந்தக் குற்றத்தையும் ஒழித்திருக்க வேண்டும். ஐந்தைந்தாகப் பிரித்து அனுப்பும் பொறுமை நம்மிடம் உண்டு என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. கெட் டுகெதர் போடலாம் என்று தொடங்கும் பேச்சு சென்று தேய்ந்து இறுதல். மகாபலிபுரத்தில் இரண்டு நாள் தங்கல் என்று புறப்பட்டு, ஒரு நாள் ஆகி, சரவண பவனில் மதியச் சாப்பாடு ஆகி, ‘ஆடி முடியட்டும்’ என்பதில் அடங்கும்.

எச்சம்

நகைச்சுவையை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குரூப்பின் செய்திகளை எழுவாய் பிரித்துப் பார்த்தால், பையன், பெண், மருமகன், பேத்தி, வீட்டுக்காரர் என்று எல்லோரும் வருகிறார்கள். அனுப்புகிறவள் வருவதில்லை. பையன் வீடு வாங்கினான், பேத்தி அரங்கேற்றம் செய்தாள், வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். இவள் என்ன செய்தாள்? அது எச்சமாக நிற்கிறது, குறிப்பால் உணர வேண்டும். ‘ஒரு வாரம் வேலூர் போயிருந்தோம்’ என்றால் ஆஸ்பத்திரி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ‘கொஞ்ச நாளா பையன் வீட்ல இருக்கேன்’ என்றால் சொந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று பொருள். ‘எழுதறதெல்லாம் விட்டாச்சு’ என்று ஒருத்தி போட்டிருந்தாள். அவள் எழுதிக்கொண்டிருந்ததே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அமெரிக்க இதழ்ப் பத்திகளிலும் கல்யாணமும் குழந்தையும் உண்டு, ஆனால் அங்கே வாக்கியத்தின் எழுவாய் வகுப்புத் தோழிதான். வகுப்பில் படித்தவள் அவள், செய்தியும் அவளைப் பற்றியது. நம் குரூப்பில் கல்லூரிக்கே வராத மருமகனைப் பற்றி நாம் விரல் நுனியில் தகவல் வைத்திருக்கிறோம்.

கல்லூரியும் நம்மை நினைக்காமல் இல்லை. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் கமிட்டி வரும் வருஷம் நினைக்கும். மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்குத் தனி அளவுகோல் இருப்பதால், சங்கம் பதிவாகியிருக்கிறதா, கூட்டம் நடந்ததா, நன்கொடை வந்ததா என்று கணக்குக் காட்ட வேண்டும். படிவத்தில் பெயர், பட்டம் பெற்ற ஆண்டு, தற்போதைய பணி என்று கட்டங்கள் இருக்கும். இல்லத்தரசிகள் மூன்றாவது கட்டத்தில் கோடு போடுவார்கள். கமிட்டி வந்து போனதும் இந்த உறவு அடுத்த மதிப்பீடு வரை உறங்கும்.

அட்மின்

இத்தனைக்கும் நடுவில் செய்தி ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் வகுப்புக்கு ஒருத்தி. அவள் முதல் மாணவியோ பேரவைத் தலைவியோ அல்ல. வருகைப் பதிவேட்டு வரிசை இன்றும் அவள் நாக்கில் இருக்கிறது. இருபத்தேழாம் நம்பருக்குப் பிறகு யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். காணாமல் போனவளைத் தேட அவளுக்கென்று முறைகள் உண்டு. ‘அவ அண்ணன் கும்பகோணத்துல பேங்க்ல இருந்தார்’ என்ற ஒரே துப்பை வைத்துக்கொண்டு, அந்த பேங்க்கில் ரிட்டையரான யாரோ ஒருவரின் கல்யாண மண்டபப் பேச்சு வழியாக, அண்ணனைப் பிடித்து, அண்ணியிடம் நம்பர் வாங்கிவிடுவாள். ஒரே கல்லூரியில் படித்த தங்கைகள், ஜூனியர்கள், பழைய வார்டன் எல்லோரும் அவளுக்கு வாயில்கள். கிடைத்தவளைக் குரூப்பில் சேர்த்து, ‘யார் வந்திருக்கா பாருங்க’ என்று போடுவாள். பிறகு அவள் பேசுவதில்லை, மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த ஆய்வேட்டிலும் அவளுக்கு நன்றியுரை வரவில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

பரிந்துரை என்று ஓர் இயல் இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். ஆகவே, பேட்ச் குரூப்பில் இருக்கும் தோழியருக்கு இரண்டு வேண்டுகோள். பெயரைப் போடும்போது பழைய இனிஷியலையும் சேர்த்துப் போடுங்கள், முடிந்தால் ரோல் நம்பரோடு. பேத்தியின் அரங்கேற்ற போட்டோ அனுப்பும் நாளில், நீங்கள் என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எங்கே போய் வந்தீர்கள், எது வலிக்கிறது என்று ஒரு வரி முன்னால் எழுதிவிட்டு போட்டோவை அனுப்புங்கள். ஆர். விஜயலட்சுமிகள் எல்லோரும் தயவுசெய்து உடனே எழுதவும்.