மூலத்துல அப்படி இல்லையே!

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் புத்தகக் கண்காட்சி பார்க்கப் போனவர்கள் இவரைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கயிறு கோத்த மூக்குக் கண்ணாடி, கையில் எவனோ ஒரு பாவப்பட்டவன் புதிதாக எழுதிய நாவல். பின்னட்டையை மட்டும் படிப்பார். உதட்டைப் பிதுக்குவார். பக்கத்தில் நிற்பவர் தெரிந்தவரா இல்லையா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. திரும்பிச் சொல்வார்:

"மூலத்துல அப்படி இல்லையே."

எங்கள் வட்டத்தில் இவருக்கு மூலக்காரர் என்று பெயர். ஒருநாள் போனில், "மூலக்காரர் வர்றாரா? அப்ப நான் வரலை" என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "பாவம், கருணைக்கிழங்கு மசியல் பண்ணிச் சாப்பிடச் சொல்லுங்க, ஒரு மண்டலத்துல அடங்கிடும்" என்றார். கருணைக்கிழங்குக்கு அடங்குகிற மூலமா இது! ஜோசியர்கள் சொல்லும் மூலமாவது மாமனாருக்கு மட்டும்தான் ஆகாது. இந்த மூலம் பேனா பிடித்த யாருக்குமே ஆகாது.

இது யாரையும் மனத்தில் வைத்து எழுதியதல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இதைப் படித்துவிட்டு, தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தால், அவர் நினைப்பது சரி.

இப்போது அவருக்கு நல்ல அறுவடைக் காலம். 2010இல் அமிஷ் திரிபாதி சிவனைத் திபெத்துப் பக்கத்துக் குலத்தலைவனாக்கி நாவல் எழுதினாலும் எழுதினார், அதற்குப் பிறகு கடைக்குக் கடை புராணம்தான். அட்டையில் யாராவது ஒருவர் கட்டுமஸ்தான முதுகைக் காட்டி நிற்கிறார். இன்னொரு வரிசையில் சிண்ட்ரெல்லா வாள் எடுக்கிறாள், சூனியக்காரி தன் தரப்பைச் சொல்கிறாள். பழைய கதையைப் பிரித்துப் புதிதாகத் தைக்கிற தையற்கடைகள் ஊரெங்கும் திறந்தாகிவிட்டது. நம்மவரும் அளவு நாடாவோடு வாசலில் வந்து நிற்கிறார்.

என்னுடைய காயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளி மலருக்கு நான் தவளை இளவரசன் கதையைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். இளவரசி முத்தம் கொடுக்க வருகிறாள். தவளை, "வேண்டாம் தாயே, எனக்குக் குளமே போதும்" என்று தாவிவிடுகிறது. சின்னக் கதை. மலர் கடைக்கு வந்த அன்று காலை ஆறே முக்காலுக்குப் போன்.

"தம்பி, கதை பார்த்தேன்."

பல்கூடத் துலக்கவில்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. "சொல்லுங்க சார்."

"மூலத்துல முத்தமே கிடையாதே!"

"சார்?"

"கிரிம் சகோதரர்கள் தொகுப்புல முதல் கதையே இதான். அதுல அவ முத்தமெல்லாம் குடுக்கல. கோபத்துல தூக்கிச் சுவத்துல அடிக்கிறா. அடிச்சதும் ராஜகுமாரனா விழறான். நீங்க என்னமோ முத்தம்னு போட்டிருக்கீங்க."

"என் கதையிலயும் முத்தம் கொடுக்கலையே சார். தவளைதான் ஓடிடுதே."

"அதான் சொல்றேன். இல்லாத முத்தத்துக்கு அது ஏன் ஓடணும்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அன்று முழுக்க யோசித்தேன். இன்னும் கிடைக்கவில்லை. இதில் பெரிய கொடுமை, அவர் சொன்னது சரி. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன், சுவரில்தான் அடிக்கிறாள். அவர் உளறுகிற ஆளாக இருந்திருந்தால் நான் என்றைக்கோ நிம்மதியாக இருந்திருப்பேன். படித்தவர். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ரத்தக் கொதிப்பு அதனால்தான்.

ஸ்னோ ஒயிட்டின் சித்தி கொடுமைக்காரி என்று யாராவது எழுதினால், "சித்தியா? 1812 முதல் பதிப்புல பெத்த அம்மாவேதான். அப்புறம்தான் சித்தியாக்கினாங்க" என்பார். கண்ணாடிச் செருப்பு என்றால், "அது 1697ல பெரோங்கற பிரெஞ்சுக்காரர் பண்ணினது" என்பார். சரி, பெரோவிடமே போவோம் என்றால் விடமாட்டார். 9ஆம் நூற்றாண்டுச் சீனாவில் யே சியன் என்ற பெண்ணுக்கு மீன்முள் வரம் கொடுத்து, தங்கச் செருப்பு கிடைத்த கதை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார். கேட்கிற நமக்குக் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

ஒருநாள் மடக்கிவிட்டதாக நினைத்தேன். "கிரிம் சகோதரர்கள் 1812லிருந்து 1857 வரைக்கும் ஏழு பதிப்பு போட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் கதையை மாத்திக்கிட்டே வந்தாங்க. மூலமே மூலத்தை மாத்தியிருக்கு, இதுல எது சார் மூலம்?"

"முதல் பதிப்பு."

"அதுக்கும் முன்னாடி யாரோ சொன்னதைக் கேட்டுத்தானே எழுதினாங்க?"

"அப்ப சொன்னவங்க."

"அவங்களுக்குச் சொன்னது?"

"தம்பி, வெயில் ஏறுது" என்று குடையை விரித்துவிட்டார்.

உள்ளூர்ச் சரக்கு என்றால் இன்னும் உக்கிரம். லட்சுமணன் கோடு போட்டான் என்று எந்த நாவலாசிரியராவது எழுதிவிட்டால் அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வால்மீகியில் கோடு கிடையாது. அகலிகை கல்லானாள் என்றாலும் அப்படித்தான். வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள், கல்லாகக் கிடப்பது கம்பனில்.

"அப்ப கம்பனே மூலத்தை மாத்தினவர்தானே சார்? சீதையைத் தொடாம, தரையோட பர்ணசாலையையே பெயர்த்துக்கிட்டுப் போறான் ராவணன். வால்மீகியில அப்படியா இருக்கு?"

"கம்பன் மாத்தலாம்."

"புதுமைப்பித்தன்? கல்லிலிருந்து வந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டதும் மறுபடியும் கல்லாப் போறாளே, 'சாபவிமோசன'த்துல?"

"புதுமைப்பித்தன் மாத்தலாம்."

"மத்தவங்க?"

"முதல்ல கம்பன் ஆகட்டும், புதுமைப்பித்தன் ஆகட்டும். அப்புறம் மாத்தட்டும்."

புதுமைப்பித்தன் விவரம் தெரிந்தவர். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்ற பொருளில் கதையின் தலைமாட்டிலேயே ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு மூலக்காரர் வாய்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பக்திக் கதைகளும் தப்பாது. எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், பத்து வயது. கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த நார்னியா முதல் புத்தகத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். இவர் என்னைப் பார்க்க வந்தவர், படியில் நின்றார். "அந்தச் சிங்கம் யாருன்னு தெரியுமா கண்ணா?" பையன் தலையாட்டினான், தெரியாதென்று. "ஏசுநாதர்தான். சாகும், பயப்படாத, எழுந்து வந்துடும். இதோட மூலம் பைபிள்ல இருக்கு." பையன் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து சைக்கிள் ஓட்டப் போய்விட்டான். பாதி வரைக்கும்தான் படித்திருந்தான்.

ஆனாலும் ஒரு மாலை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வரும். புதிய மிகைபுனைவு என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். பக்தியும் மாய உலகமும் கலந்த மறுகதை நமக்குப் புதிதா என்ன என்று பேச்சு வந்தது. ஜான் பன்யன் 1678இல் உரைநடையில் எழுதிய மோட்சப் பயணத்தை வைத்துத்தானே திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார் என்றேன். 1894இல் வந்த காவியம். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, பிறகு கிறிஸ்தவரானவர் ஆங்கிலக் கதையைக் கம்பன் நடையில் கொண்டுவந்தது. மூலம் போட்டுத் தாக்குவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். அதிலிருந்து பாடத் தொடங்கினார். ராகத்தோடு, ஒரு சொல் தடுக்காமல், ஐந்து பாட்டு. சிலுவைப்பாட்டுக்கு வந்தபோது குரல் உடைந்தது. காப்பி ஆறியது, ஏடு படிந்தது, யாரும் எடுக்கவில்லை. முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கும்பிடலாமா என்று யோசிக்கும் நேரத்தில்,

"ஆனா மூலம் வசனம்தான்" என்றார்.

இன்னொன்று, அவர் மகள் சொன்னது. நான்கு வயதுப் பேத்திக்குக் காக்கா நரி கதை சொன்னாராம். ஈசாப்பில் வடை ஏது? காக்கா வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. நேர்மையான மனிதர், அப்படியே சொல்லியிருக்கிறார். குழந்தை யோசித்துவிட்டு, "தாத்தா, பாட்டி சீஸ் சுட்டாங்களா?" என்று கேட்டது. மூலத்தில் பாட்டியும் இல்லை. அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாராம். பிறகு, "ஒரு ஊர்ல ஒரு பாட்டி வடை சுட்டாளாம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாராம். வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு காக்கா 'கா' என்று கத்தியதாகப் பேத்தி மாற்றியபோதும் வாயைத் திறக்கவில்லையாம்.

அந்தக் குழந்தைக்குக் கிடைத்த சலுகை போன மாதம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். தவளையும் வடையும் நடுவில் வந்துவிட்டன.

முதல் புத்தகம் அவளுக்கு. நல்லதங்காள் கதையை எடுத்து மாய நாவலாக எழுதியிருக்கிறாள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய், மூளி அலங்காரியிடம் அவமானப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். இந்த நாவலில் கிணறு வாங்க மாட்டேன் என்கிறது. போடப் போடத் தண்ணீர் பிள்ளைகளைத் தூக்கிக் கரையில் விடுகிறது. மேற்கொண்டு சொல்ல மாட்டேன். வெளியீட்டு விழாவுக்குச் சின்ன அரங்கு, முப்பது பேர். முன்வரிசையில் அவள் அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுக்க அண்ணன்.

கேள்வி நேரத்தில் நம்மவர் எழுந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார். "மூலத்துல அப்படி இல்லையே அம்மா." பன்னிரண்டு நிமிஷம். பெரிய எழுத்துப் பதிப்பில் எப்படி, கணியான் பாட்டில் எப்படி, தன் ஆச்சி சொன்னது எப்படி. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பதை அவரே அவர் வாயால் சொன்னார், கவனிக்கவில்லை. அந்தப் பெண் "ஆமா சார்", "சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் கையிலிருந்த பிரதியின் முனையை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா திரும்பிப் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது: "தப்பா எழுதிட்டாளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியிறங்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"சார், புத்தகம் நல்லா இருக்கா?"

"அதான் சொன்னேனே தம்பி, மூலத்துல..."

"மூலம் கிடக்கட்டும். இவ எழுதினது நல்லா இருக்கா, இல்லையா?"

செருப்பைத் தேடிக்கொண்டே, "இன்னும் படிக்கலை. பின்னட்டைதான் பார்த்தேன்" என்றார்.

சார், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். எங்கே பிழை என்று காலையில் போன் செய்வீர்கள் என்றும் தெரியும். அந்த நாவல் 250 ரூபாய். கண்காட்சியில் பத்து சதவீதம் கழிவு போக 225. நானே வாங்கித் தருகிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, பிறகு போன் செய்யுங்கள்.