ஒரு குரோஸ் புலி

நாலாம் வகுப்பு முடிந்த கோடை லீவில் எத்தனை புலிகளைத் தொட்டிருப்பேன் என்று சில நாள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு குரோஸ் என்றால் 144 தீப்பெட்டி. பாட்டியும் நானுமாக ஒரு நாளைக்கு மூன்று குரோஸ் ஒட்டினால் 432 புலி. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரும் லேபிள் கட்டில் ஒரு வாரம் புலி இருக்கும், ஒரு வாரம் மான், இன்னொரு வாரம் மயில். பசை காய்வதற்குள் லேபிளை நேராக வைத்து அழுத்த வேண்டும். புலியின் முகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்துவிட்டால், "ஏ புள்ள, கைய நிறுத்தாத" என்பாள் பாட்டி.

திண்ணையிலிருந்து மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். நிஜப் புலி அங்கேதான் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சிவகாசி அச்சாபீஸில் நாலு வர்ணத்தில் பிறக்கும் பிராணி என்றே அதை நினைத்திருந்தேன்.

தாளும் அப்படித்தான். நாட்டுக்கே நோட்டும் காலண்டரும் அச்சடித்து அனுப்பிய வட்டாரத்தில், எங்கள் வீட்டில் வாசிக்க இருந்தது ஒரு தினசரிக் காலண்டர். வெடிக்குழாய் சுற்றப் பழைய தாள்தான். அதனால் தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் எழுத்து கிடக்கும். ஓரம் கருகிய துண்டுகளைப் பொறுக்கி வாசிப்பேன். ஒன்றில் கதையின் நடுப்பகுதி, இன்னொன்றில் கணக்கின் விடை மட்டும். முழுசாக ஒரு பக்கம் கிடைக்காதா என்ற ஏக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

முழுப் பக்கங்கள் பல வருஷம் கழித்துக் கிடைத்தன. விருதுநகரில் நூலக அலமாரி ஒன்றில் 'மழைக்காலமும் குயிலோசையும்' இருந்தது. மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள், தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன். கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் சாகும்வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம், ஒரே பத்தி! யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையைப் பற்றியும் எழுதினார். படம் எடுத்ததும் கறுப்பு வெள்ளையில்தான். பளபளக்கும் லேபிள் புலிகளை ஒட்டி வளர்ந்த எனக்கு, அந்தச் சாம்பல் நிற யானைகளில்தான் முதல்முறையாக உயிர் தெரிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எழுதுவதற்குக் காட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை, வாசல் முருங்கையில் வந்து உட்காருவதைப் பார்த்தாலும் எழுதலாம் என்று அவர் எழுத்து எனக்குச் சொன்னது. அன்று ராத்திரியே ஒரு நோட்டில் எங்கள் கொல்லைத் தவிட்டுக்குருவிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். யாரும் கேட்காமல் நான் எழுதிய முதல் எழுத்து அது.

பிறகு பாஸ்கரன் வந்தார். அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்துகொண்டே பறவைகளுக்குப் பின்னால் அலைந்தவர். வனவிலங்கு என்று சொன்னால் மரமும் பூச்சியும் விட்டுப்போகின்றன என்பதால் 'காட்டுயிர்' என்ற சொல்லை ஊன்றிப் புழங்கினார். ஒரு சொல் மாறினால் பார்வை மாறும் என்று நான் நம்புவது அவரால்தான். எங்கள் ராஜபாளையம் நாயும் அவர் எழுத்தில் இடம்பிடித்திருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். பாட்டி பசைக்கிண்ணம் வைத்த இடத்தில் நோட்டுகள். நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள், பிறகு அந்த வாரம் பார்த்ததை எழுதுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போகிறேன். சாம்பல் அணிலுக்காக 1988இல் அறிவித்த சரணாலயம் அது. நான் லேபிள் ஒட்டிய காலத்துக்குப் பக்கத்தில்தான். கிளையோடு கிளை கோத்த உச்சியில் கூடு கட்டி, தரைக்கு இறங்காமலே மரம் விட்டு மரம் போகும் அணில். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும். 2021இல் அந்த மலை மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. பிள்ளைகள் அதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

போன சித்திரையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியதை நீட்டினான். கண்மாய்க் கரைச் சரளையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. கல்லா முட்டையா என்று தெரியாமல் மிதிக்கப் போனபோது தாய் தலைக்கு மேலே கத்தியது. அதற்குமேல் இரண்டே வரி:

"நாலு முட்டை. நான் தொடவில்லை."

"அத்தே, இதுக்குக் கலர் அடிக்கணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்யா, பென்சிலே போதும்" என்றேன்.