போனவாரத்தார்

வால்பாறை வழியாக அதிரப்பள்ளி போகிற எந்த வேனிலும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர் இருப்பார். பெயர் என்னவாகவும் இருக்கட்டும். எனக்கு அவர் போனவாரத்தார். காட்டில் நாம் எதைப் பார்த்தாலும், அதைவிடப் பெரிதாக, இன்னும் கிட்டத்தில், போன வாரமே பார்த்து முடித்தவர்.

ஆழியாறு தாண்டி மலை ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பாறையில் ஒரு வரையாடு நிற்க, வேன் முழுக்க ஒரு பக்கமாகச் சாயும். அவர் மட்டும் கழுத்தைத் திருப்ப மாட்டார். "ஒண்ணுதானுங்களா? போன வாரம் வந்திருக்கோணுமுங்க. ரோட்டையே மறிச்சுட்டு நின்னுதுங்க!"

புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் காண முடியாதவை. வண்டியில் அடிபடாமல் இருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நாம் அண்ணாந்து வாய் பிளந்து நிற்கையில், "போன வாரம் என் கையில முறுக்கு வாங்கித் தின்னுச்சுங்க" என்பார். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்ற பலகை அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டினால் நல்ல அடர்காடு. மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் இறங்கினால் செருப்புக்குள் அட்டை ஏறிவிடும். அவருக்கு நிகழ்காலத்தில் அகப்படுகிற ஒரே பிராணி அதுதான். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. பிடுங்கிப் போட்ட பிறகும் கசியும். கால் மணி நேரம் ஊர்க்கதை, வனக்கதை எதுவும் இருக்காது. வேனுக்குள் அபூர்வ அமைதி.

வாழச்சால் பக்கம் இருவாச்சி பறந்தால் கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும்; இறக்கைச் சத்தம் அப்படி. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் வாரக்கணக்கில் பழம் சுமந்துவந்து சிறு இடுக்கு வழியாக ஊட்டும். இங்குள்ள காடர் பழங்குடியினர் வனத்துறையோடு சேர்ந்து அந்தக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். "போன வாரம் நாலு ஜோடி" என்று அவர் தொடங்கியபோது, பின் சீட்டிலிருந்து அவர் வீட்டம்மா, "போன வாரம் பல்லு வலின்னு வீட்டுலதான கெடந்தீங்க?" என்றார்.

"நான் சொல்றது அதுக்கு முந்தின வாரம்."

அதிரப்பள்ளியில் சாலக்குடி ஆறு சுமார் 80 அடி விழுகிறது. சாரல் சட்டையை நனைக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புன்னகை மன்னன் அருவி. "இதெல்லாம் ஒரு தண்ணியா? கமல் குதிச்சப்போ பார்த்திருக்கோணும்." படம் வந்தது 1986-இல். அவருடைய போன வாரம் அதுவரைக்கும் நீளும்.

நியாயமாகப் பார்த்தால் அவருக்கென்றே இந்த மலைத்தொடரில் ஒரு ஜீவன் உண்டு. ஊதாத் தவளை. கிட்டத்தட்ட வருஷம் முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் இணைசேர மட்டும் சில நாள் வெளியே வரும். விஞ்ஞானிகளே 2003-இல்தான் அதற்கு முறைப்படி பெயர் வைத்தார்கள். இதற்காவது போன வாரம் வந்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்லலாமே என்று அவரிடம் எடுத்துவிட்டேன்.

"தவளையா? அதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?"

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருட்டினால் செக்போஸ்டில் வண்டியை விட மாட்டார்கள், விடியலிலேயே கிளம்புங்கள். போனவாரத்தாரைப் பொள்ளாச்சி டீக்கடையில் இறக்கிவிட்டு, பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாவம், அவருக்கு அதுவும் போன வாரம்தான் நன்றாக இருந்திருக்கும்.