அறுகம்பேக்குக் கோச்சி வருகிறது!

அறுகம்பேயில் டீசல் எஞ்சின்களுக்கு ஒரு ஷெட் கட்டப்போகிறேன் என்றதும், பக்கத்து வீட்டுக் காக்கா ஓட்டோவை நிறுத்திவிட்டு மரியாதையோடு இறங்கி வந்தார். "காணி எவ்வளவு தம்பி?" "நாலடிக்கு ஓரடி, காக்கா." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "கோழிக்கூடெண்டு முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

அவரில் பிழை இல்லை. நான் சொன்னது பொம்மை ரயிலுக்கு ஷெட். நிஜ ரயில்தான் இந்தப் பக்கம் இல்லையே. இலங்கைத் தண்டவாளம் 1928-ல் மட்டக்களப்புக்கு வந்து, மூச்சு வாங்க நின்றது. இன்னும் வாங்கி முடியவில்லை. அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று அறுகம்பேவரை சுமார் 100 கிலோமீட்டரும் பஸ் பாடுதான். பகிடி என்னவென்றால், மட்டக்களப்புப் பாதையில் 'கல் ஓயா' என்றே ஒரு சந்தி ஸ்டேஷன் உண்டு. ஆனால் அது இருப்பது ஹபரணைப் பக்கம். கல் ஓயா ஆறு ஓடுவதோ நம் அம்பாறை மாவட்டத்தில். ஆறு நமக்கு, ஸ்டேஷன் அவர்களுக்கு. நியாயமான பங்கீடு!

நமக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று கண்ணைக் கசக்க வேண்டாம். ரயில் போட்ட துரைமாரின் கண்ணில் மனிதர்களே படவில்லை, பட்டது கோப்பிக்கொட்டை. மலையைக் குடைந்து 1867-ல் கண்டிவரை லைன் போட்டார்கள். 1869-ல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்து உட்கார்ந்தது. இரண்டே வருஷம்! தண்டவாளம் துருப்பிடிக்கக் கூடாதே என்று எத்தனை மீட்டிங் போட்டார்களோ, துரு வந்து பிடித்தது சரக்கை.

பெரிய ரயிலில் கோட்டை விட்டவர்கள் பொம்மை ரயிலையாவது ஒழுங்காக அளந்தார்களா? கேளுங்கள். 1922-ல் பாசெட்-லோக் என்ற ஆங்கிலத் துரை, ஜெர்மனியின் பிங் கம்பெனியைக் கொண்டு மேசைமேல் ஓடும் ரயில் செய்வித்தார். 16.5 மில்லிமீட்டர் பாதை. பிரித்தானிய எஞ்சின்களோ நோஞ்சான் உடம்புக்காரர்கள். அந்தக் காலத்து மோட்டார் வயிற்றுக்குள் அடங்கவில்லை. புத்தியுள்ளவன் சின்ன மோட்டார் தேடுவான். இவர்கள் உடம்பைப் பெரிசாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள்! 1938-ல் ஹோர்ன்பி கம்பெனியும் 'டப்லோ' என்று அதே அளவில் கடை விரிக்க, பிழையே சட்டமானது. கணக்குப் பார்த்தால் பாதை நிஜத்தைவிட 7 அங்குலம் ஒடுக்கம். துல்லியத்துக்குப் பேர்போன தேசம், மேசையில் மட்டும் இன்றைக்கும் தம்பியின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கிறது.

நான் மட்டும் என்ன யோக்கியன்? இலங்கைப் பாதை 1676 மில்லிமீட்டர் அகலம். என் பொம்மை எஞ்சின்களின் அளவுக்கு, 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் கிடைப்பது அதே 16.5. வாங்கினேன், ஒட்டினேன், வாயை மூடிக்கொண்டேன். துரை செய்தால் ஸ்டாண்டர்ட், நான் செய்தால் பிழையா?

ஏன் ஸ்டேஷன் இல்லாமல் ஷெட்? இதுதான் பொம்மை ரயில்காரர்களின் பரம ரகசியம். ஸ்டேஷன் என்றால் பெட்டி வேண்டும், பிளாட்பாரம் வேண்டும், அதில் கைப்பையோடு நிற்க ஆள் வேண்டும். நீராவி ஷெட் என்றால் கரி, சாம்பல், தண்ணீர்த் தொட்டி. டீசல் ஷெட்டுக்கு மூன்று தண்டவாளம், ஒரு எண்ணெய்ப் பம்பு, கீழே குனிந்து பார்க்க ஒரு குழி. போதும். வாங்கிக் குவித்த எஞ்சின்களை எல்லாம் வரிசையாக நிறுத்தலாம். ஷோகேஸ் என்றால் வீட்டில் ஏசுவார்கள். 'டிப்போ' என்றால் கலை!

நிஜ டீசல்கள் வந்த கதையோ ஒரு கல்யாண வீடு. 1950-களில் ரயில்வேயின் பெரிய தலை பி. டி. ரம்பல. நீராவியை வழியனுப்பி டீசலை வரவேற்றவர். ரயில்களுக்கு யாழ்தேவி, ருகுணு குமாரி, உடரட்ட மெனிக்கே என்று பொன்னுருக்கும் வீட்டுக்காரர்போல் பெயர் வைத்தார். அவற்றை இழுக்க, கொழும்புத் திட்ட உதவியாக 1954-ல் கனடாவிலிருந்து வந்திறங்கின ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள். அவற்றின் பெயர்கள் ஒண்டாரியோ, ஆல்பர்ட்டா! பனியில் பிறந்த மாப்பிள்ளைகள், வேர்த்து வடிகிற ஊரில் குமாரிகளின் கைபிடித்தார்கள். கிழக்கில் பெண்வீட்டார் வீடு கொடுப்பதுபோல, இவர்களுக்குக் கொழும்பில் தெமட்டகொட ஷெட். அந்தக் குடும்பத்தில் சிலர் 70 வயதிலும் வேலைக்குப் போகிறார்கள். சீதன வீட்டில் சும்மா இருக்க விடுவார்களா?

இனி வடிவமைப்பு. தண்டவாளத்துக்கு இடையில் போடச் சின்னச் சல்லிக்கல் வேண்டும். கடையில் சல்லி வாங்கச் சல்லி வேண்டுமே! கடற்கரைக்கு நடந்தேன். அரை மில்லிமீட்டர் மணலை 87 மடங்காக்கினால் நாலு சென்டிமீட்டர், அசல் சல்லிக்கல். உப்புப் போக நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். அறுகம்பேயில் பலகையும் மணலுமாக அலைகிற வெளிநாட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து 'நம்ம ஆள்' என்று கையசைத்தார்கள். அவர்கள் அலைக்குக் காத்திருக்கிறார்கள், நான் ரயிலுக்கு. அவர்களுக்கு வருகிறது.

அடுத்தது அழுக்கு. நிஜ ஷெட்டில் மனிதர்கள் காலையிலிருந்து எண்ணெய்க்கறையைத் துடைக்கிறார்கள். நானோ இரவிரவாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மயிரிழைத் தூரிகையால் அதே கறையை வரைகிறேன். உம்மா எட்டிப் பார்த்தார். "வீட்டுச் சுவரில இருக்கிற கறை காணாதா மகன்?"

கடைசியாக ஒரு தொழில் ரகசியம். இப்படிப்பட்ட லேஅவுட்டில் பின்னால் ஒரு படம் மாட்டி, அதற்குப் பின்னே இரண்டு தண்டவாளத்தை ஒளித்துவைப்பார்கள். படத்துக்கு முன்னால் இருப்பதுதான் ஊர். பின்னால் இருப்பது 'மற்ற இடங்கள்'. எஞ்சின் அங்கே போய் மறையும், வரும். அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. 1928 முதல் நாம் அந்தப் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறோம். என் பலகையில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முன்னால் பொத்துவில் ஷெட், தென்னை, கடல், கோழி மேய்க்கிற காக்கா. படத்துக்குப் பின்னால், ஒன்றரைச் சாண் நீளத்தில், கொழும்பு.