மாமன் வீட்டுப் பகை

பிலிப்பைன்ஸில் ஒருவரின் முழுப்பெயரைச் சொன்னால், நடுவில் அவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். லூசான் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள இலோகோஸ் சூர் மாகாணத்து லூயிஸ் 'சாவிட்' கிரிசோலோகோ சிங்சனுக்கு இந்த வழக்கம் பெரிய இம்சை. அரசியலில் அவர் வேரறுக்கப் புறப்பட்டது கிரிசோலோகோ குடும்பத்தைத்தான்!

1960களின் கடைசியில் மாகாணமே கிரிசோலோகோக்களின் கொல்லைப்புறம். மாமன் முறையான ஃபுளோரோ காங்கிரஸ் உறுப்பினர். அவர் மனைவி கார்மெலிங் ஆளுநர். ஊருக்குச் சோறு போட்டது வர்ஜீனியாப் புகையிலை. அதற்கு அரசு ஆதரவு விலை கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தவரும் மாமாதான். குடும்பத்துக்கென்று ஓர் அடியாள் படையும் இருந்தது. ஊரார் வைத்த பெயர் 'சகசகா'. இலோகானோ மொழியில் வெறுங்கால் என்று அர்த்தம். செருப்புக்குக் காசில்லை, துப்பாக்கிக்கு இருந்தது.

மருமகன் விகன் நகரில் கவுன்சிலர், போலீஸ் தலைவர் என்று வளர்ந்து, மாமாவுக்கு எதிராகவே கிளம்பினார். 1970இல் பந்தாய் என்னும் ஊரில் இரண்டு கிராமங்கள் கொளுத்தப்பட்டன. அதற்காக ஃபுளோரோவின் மகன் பின்னர் ஆயுள் தண்டனை பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில், விகன் பேராலயத்தில் பூசைக்கு வந்திருந்த ஃபுளோரோவைத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் யாரென்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. இந்த இடத்தில் நானும் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் அத்தையைத் தோற்கடித்து சாவிட் ஆளுநரானார். 1986இல் சர்வாதிகாரி மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய பிறகுதான் அந்த நாற்காலி ஆடியது. சும்மா இருந்தாரா? காங்கிரஸுக்குப் போனார், புகையிலை வரியில் ஒரு பங்கு விளைவிக்கும் மாகாணங்களுக்கே திரும்பும்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார். மாமன் தொழில் மருமகனுக்கு! 1992இல் மறுபடியும் ஆளுநர்.

இனி நண்பர் படலம். ஜனாதிபதி எஸ்ட்ராடா பழைய சினிமா கதாநாயகன். சாவிட் அவருடைய இராக்கூத்துத் தோழர். கூடவே ஹுவெதெங் என்ற கள்ள எண் சூதாட்டத்தின் வசூலையும் அவருக்காகப் பார்த்துக்கொண்டார். இது எதிரிகள் கட்டிய கதை அல்ல, சாவிட்டே கொடுத்த வாக்குமூலம். பிறகு ஹுவெதெங்குக்குப் போட்டியாக அரசு ஆசியோடு ஒரு பிங்கோ ஆட்டம் வந்தது. இலோகோஸ் சூரில் அதை நடத்தும் உரிமை வேறு ஆட்களுக்குப் போயிற்று. பாகப்பிரிவினையில் ஏமாந்த தம்பியின் முகம் எப்படியிருக்கும்?

2000 அக்டோபரில் ஒரு ராத்திரி, மணிலா போக்குவரத்துப் போலீசார் அவர் வண்டியை மறித்தார்கள். குற்றம், அனுமதியில்லாத சுழல்விளக்கு. என்னைக் கொல்ல வந்தார்கள் என்றார் சாவிட். மறுநாளே நாட்டுக்கு அறிவித்தார்: ஜனாதிபதிக்கு 40 கோடி பெசோ ஹுவெதெங் மாமூல் போயிருக்கிறது, புகையிலை வரிப் பணத்திலும் பங்கு போயிருக்கிறது. தன் கையாலேயே கொடுத்தவர் என்பதால் கணக்குப் புத்தகமும் கைவசம் இருந்தது. ஒரு சுழல்விளக்குக்கு அபராதச் சீட்டு எழுதிவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பாததன் செலவு, ஓர் ஆட்சி.

2001 ஜனவரி 20 அன்று எஸ்ட்ராடா ஜனாதிபதி மாளிகையைக் காலி செய்தார். 2007இல் கொள்ளைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. அடுத்த மாதமே மன்னிப்பு. அதே ஆண்டு செனட்டுக்கு நின்ற சாவிட்டை மக்கள் தோற்கடித்தார்கள். சாட்சி சொன்னதற்கு நன்றி, ஓட்டு வேறு விஷயம் என்று நினைத்தார்கள் போலும்.

அவர் அசரவில்லை. விகனில் வைத்திருக்கும் மிருகக்காட்சித் தோட்டத்தில் புலிகளோடு படம் எடுத்துக்கொண்டார். மணிலாவில் பிரபஞ்ச அழகிப் போட்டிக்குச் செலவு செய்தார். இன்னொரு முறை ஆளுநரும் ஆனார். மன்னிக்கப்பட்ட எஸ்ட்ராடா மணிலா மேயரானார். அவர் அந்தப் பதவியை இழந்த 2019 தேர்தலில்தான் சாவிட் நார்வக்கான் என்ற ஊருக்கு மேயரானார். 2022இல் அவர் தம்பி மாகாண ஆளுநர், மகன் துணை ஆளுநர்.