விஞ்ச் இல்லாத மலை

பாஸ்டன்,
சித்திரைத் திங்கள்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

பனிச்சறுக்கு என்பது, இரு கால்களிலும் ஏறத்தாழ ஆளுயரப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் உறைந்து கிடக்கும் பனியின்மேல் வழுக்கி இறங்கும் விளையாட்டு என்றும், அதற்கென அமைந்த மையங்களில் ஆட்களை மேலே கொண்டுசெல்லக் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகள் இடைவிடாமல் ஓடும் என்றும் முந்தைய கடிதத்தில் விளக்கப்பட்டிருந்தது. நாற்காலி இருக்கும்போது சிலர் ஏன் பலகைகளை முதுகில் சுமந்துகொண்டு 4 மணி நேரம் நடந்து ஏறுகிறார்கள் என்றும், அப்படி ஏறியவர்கள் 5 நிமிடத்தில் இறங்கிவிடுவது எந்த ஊர்க் கணக்கு என்றும் பெரியப்பா அதற்குப் பதில் எழுதிக் கேட்டிருந்தார். கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆதலாலும், பேச்சுநடையில் எழுதப்படும் கடிதங்கள் சிவப்பு மையால் திருத்தப்பட்டு அடுத்த தபாலிலேயே திரும்பி வரும் என்பதாலும், விடை இங்கே நூல்நடையில் தரப்படுகிறது.

இவ்வாறு நடந்து ஏறுவோரின் தலைநகரம் என்று சொல்லத்தக்க இடம், பாஸ்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வாஷிங்டன் மலையில் இருக்கிறது. அம்மலையின் உயரம் 1,917 மீட்டர்; நம் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். ஆகவே உயரத்தைக் காட்டி எவரையும் மிரட்டும் தகுதி அதற்கு இல்லை. அது மிரட்டுவது காற்றைக் கொண்டு. 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று, மலையுச்சியில் இருக்கும் வானிலை ஆய்வகத்தில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று அளக்கப்பட்டது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பேரோ தீவைத் தாக்கிய புயல் முறியடிக்கும்வரை உலகச் சாதனை அதுவே. மரமற்ற உச்சிச் சமவெளியில் விழும் பனியையெல்லாம் இந்தக் காற்று, முற்றம் பெருக்குபவர் சருகை ஒரு மூலையில் ஒதுக்குவதுபோல், கிழக்குப் பக்கத்துப் பள்ளம் ஒன்றில் தள்ளிவிடுகிறது. பழங்காலப் பனிப்பாறை குடைந்துவிட்டுப் போன, பாதி உடைந்த கிண்ணம் போன்ற அந்தப் பள்ளத்துக்கு டக்கர்மன் ரவீன் என்று பெயர். பல வீடுகளை மூடும் ஆழத்துக்குப் பனி அங்கே குவிவதால், ஊரில் அக்கினி நட்சத்திரம் தொடங்கித் தார்ச்சாலை உருகும் நாட்களிலும் அந்தக் கிண்ணம் வெள்ளையாகவே இருக்கிறது.

பெயருக்கு உரிய எட்வர்டு டக்கர்மன் பனிச்சறுக்கு வீரர் அல்லர். 19-ஆம் நூற்றாண்டின் தாவரவியல் பேராசிரியர். இம்மலையில் அவர் தேடி அலைந்தது லைக்கன் எனப்படும் பாறைப்படர் உயிர்களை. செட்டிநாட்டுக் குழம்புக்குப் பெரியம்மா அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் கல்பாசியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்பதால், இந்தப் பள்ளத்துக்கும் நம் வீட்டு அடுக்களைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு என்று வாதிட இடம் இருக்கிறது. இன்னோர் உறவும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் ரயிலின் மூத்த பங்காளி, 1869-ஆம் ஆண்டு முதல் இம்மலையின் மேற்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. உச்சிக்குக் கார்ச்சாலையும் போடப்பட்டிருக்கிறது. பயணிகளுக்கு இவ்வளவு செய்து கொடுத்தவர்கள், சறுக்குபவர்களுக்கு உரிய அந்தப் பள்ளத்தில் மட்டும் ஒரு நாற்காலியைக்கூடத் தொங்கவிடவில்லை. பழனியில் விஞ்சும் ரோப்காரும் இருக்கும்போதே படி வழியாகத்தான் ஏறுவேன் என்று நிற்கும் பெரியப்பாவுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது.

சறுக்கு மையங்களின் வேலிக்கு அப்பால், எந்த இயந்திரமும் பனியைச் சமன் செய்யாத, எவரும் டிக்கெட் கேட்காத காட்டுமலைப் பகுதியைப் பேக்கன்ட்ரி என்று அழைப்பர்; டக்கர்மன் பள்ளமும் அத்தகையதே. இவ்வட்டாரத்து மையங்கள் பெரும்பாலும் சித்திரை மாதத்தில் கடையைக் கட்டிவிடுகின்றன. கீழ்ச்சரிவுகளில் பனி தீர்ந்துபோவது ஒரு காரணம் என்றால், வெயிலைக் கண்ட மக்கள் தோட்டவேலைக்கும் கோல்ஃபுக்கும் ஓடிவிடுவது மற்றொரு காரணம். ஆகவே அதன்பின் சறுக்க விரும்புபவர் நடந்தே ஆக வேண்டும். ஆனால் வேறு வழியில்லாமல் மட்டுமே நடக்கிறார்கள் என்று முடிவு கட்டினால் அது பிழையாகும், ஏனெனில் இந்தப் பருவத்துப் பனிக்காகவே குளிர்காலம் முழுவதும் காத்திருப்போர் உண்டு. அந்தப் பனியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லாவிட்டால் பெரியப்பாவின் கணக்கு நேராகாது.

ஆங்கிலத்தில் இதைக் கார்ன் ஸ்னோ என்பார்கள். கார்ன் என்றதும் மக்காச்சோளத்தை எதிர்பார்த்து ஏமாறும் தமிழர்கள் உண்டு. அச்சொல்லின் பழம்பொருள் தானியமணி என்பதாதலால், குருணைப் பனி என்று வழங்குவதே பொருந்தும். (பனித்துளி, மூடுபனி, உறைபனி ஆகிய அனைத்தையும் பனி என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொண்ட நம் முன்னோருக்கு, இதற்கு மட்டும் தனிச்சொல் படைக்கும் தேவை எழவில்லை.) வானிலிருந்து விழும்போது ஆறு கிளைகளோடு கோலம்போல் இருக்கும் பனித்துகள், வசந்தகால வெயிலில் உருகி, இரவில் உறைந்து, மறுநாள் மீண்டும் உருகி, மீண்டும் உறைந்து, கிளைகளையெல்லாம் இழந்து, சில நாட்களில் கல்லுப்பைப் போன்ற மணிகளாகத் திரண்டுவிடுகிறது. இரவில் மணிகளுக்கு இடையே உள்ள நீர் உறைந்து அவற்றை ஒட்டிவிடுவதால், விடியற்காலையில் சரிவு முழுவதும் சிமெண்டுத் தளம்போல் இறுகிக் கிடக்கும். அந்நேரத்தில் சறுக்கத் துணிபவர் பல்லை எண்ணிக்கொண்டே கீழே வர வேண்டியிருக்கும். வெயில் ஏறியதும் மேலே ஓரிரு அங்குலம் மட்டும் நெகிழ, அடித்தளம் உறுதி குலையாமல் நிற்கும். அப்போது பலகை அமிழ்வதும் இல்லை, கட்டுமீறி ஓடுவதும் இல்லை. நினைத்த இடத்தில் திரும்புகிறது, சாதாரணத் திறமை உடையவரும் தம்மைப் பெரிய வீரர் என்று நம்பிவிடுகிறார். இன்னும் சிறிது நேரம் போனால் பனி முழங்கால்வரை குழைந்து, வேகாத களிபோல் காலைப் பிடித்து இழுக்கும். செங்குத்தான சரிவுகளில் ஈரப்பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியவும் கூடும்.

இதற்கு நம் மொழியில் மிகப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: பதம். அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது பெரியம்மா அடுப்படியை விட்டு அசையாததும், அந்நேரத்தில் வாசலில் யார் வந்து அழைத்தாலும் பதில் சொல்லாததும் எதற்காகவோ, அதற்காகவே இவர்களும் விடியுமுன் புறப்படுகிறார்கள். முந்தைய இரவு மேகமின்றி இருந்ததா என்பதுதான் அவர்களுடைய முதல் விசாரணை. மேகமற்ற இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடுவதால் ஊரில் வைக்கோற்போர் அதிகமாக நனைந்திருக்கும் அல்லவா, அதே காரணத்தால் இங்கே பனி நன்றாக இறுகுகிறது. காற்றின் வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவாக இருந்தால் இறுக்கம் போதாது, மறுநாள் பதம் வாய்க்காது. பிறகு திசை பார்க்க வேண்டும். கிழக்குச் சரிவு முதலிலும், தெற்குச் சரிவு அடுத்தும், மேற்குச் சரிவு பிற்பகலிலும் பதத்துக்கு வரும். டக்கர்மன் பள்ளம் தென்கிழக்கு நோக்கியது ஆதலால் நண்பகலை ஒட்டிய சில மணி நேரமே அதற்கு உரியது. பிற்பகலில் மலையின் நிழல் விழுந்ததும், சற்றுமுன் வெண்ணெயாக இருந்த சரிவு கண்ணெதிரே மீண்டும் கல்லாகத் தொடங்கும். இவ்வாறு நேரம் பார்த்து இறங்க வேண்டிய இடத்துக்கு நடந்து போவதே முறை என்பதற்கு வலுவான காரணம் இதில் அடங்கியிருக்கிறது. நாற்காலி 7 நிமிடத்தில் உச்சியில் இறக்கிவிட்டால், பனி பதத்துக்கு வரும்வரை அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நடப்பவருக்கோ காத்திருக்கும் நேரமும் ஏறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஏறும் முறைகள் இரண்டு. சரிவு மிதமாக இருக்கும் இடங்களில், பலகையின் அடியில் தோல் எனப்படும் நீண்ட பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகால் மட்டும் தூக்க ஏதுவாகக் காலணியின் முனையைப் பூட்டிக்கொண்டு, பலகையோடே நடந்து ஏறலாம். முற்காலத்தில் கடல்நாயின் தோலே பயன்பட்டதால் இப்பெயர் நிலைத்தது. இன்று அது அங்கோரா ஆட்டு மயிராலோ நைலானாலோ செய்யப்படுகிறது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் மயிர் சிலிர்த்துக்கொள்ளும். பட்டையும் அவ்வாறே முன்னே வழுக்கவிட்டுப் பின்னே சறுக்காமல் பிடித்துக்கொள்கிறது. கிண்ணத்தின் பின்சுவரில் இந்த வித்தை பலிக்காது. 45 பாகைக்கு மேலும், சில இடங்களில் 50 பாகையைத் தாண்டியும் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சுவரில், பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு, முன்னால் போனவர் உதைத்துப் பதித்த குழியில் காலை வைத்து, ஏணியில் ஏறுவதுபோல் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். கணுக்காலை அசையவிடாத கெட்டி பிளாஸ்டிக் காலணியோடு இதைச் செய்பவரின் நடை, முதன்முதலாக லாடம் அடிக்கப்பட்ட மாட்டின் நடையை ஒத்திருக்கும்.

எனினும் இந்த ஏணிப்படியில் ஒரு கல்வி நடைபெறுகிறது. எந்த இடத்தில் பனி மெலிந்து பாறை தட்டுகிறது, எந்த இடத்தில் அடியில் ஓடும் நீரின் ஓசை கேட்கிறது, நிழல்பட்ட எந்த மூலை இன்னும் இளகவில்லை என்பவற்றையெல்லாம், இறங்கப்போகும் சரிவை ஒவ்வோர் அடியாக மிதித்து ஏறியவரின் கால் முன்னதாகவே அறிந்துவிடுகிறது. நாற்காலியில் போனவர் அச்சரிவை முதன்முதலாகச் சந்திப்பது வேகமாக இறங்கும்போதுதான். ஏறுவது இறங்குவதற்குக் கொடுக்கும் விலை என்று கொண்டால் பெரியப்பாவின் கணக்கில் நட்டமே மிஞ்சும். இறக்கத்தின் முற்பகுதி ஏற்றம் என்று கொண்டால் கணக்கு வேறாகிறது.

கிண்ணத்தின் ஓரத்தில் லஞ்ச் ராக்ஸ் என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டவாறே இறங்குபவர்களைப் பார்த்துக் கூட்டமாக ஆரவாரிப்பது இங்கு நெடுநாள் வழக்கம். அழகாக இறங்கியவருக்குக் கைதட்டலும், உருண்டு வந்தவருக்கு அதைவிடப் பலத்த கைதட்டலும் கிடைக்கின்றன. மஞ்சுவிரட்டுத் திடலின் ஓரத்து மேடையில் உட்கார்ந்திருப்போரின் விமரிசனப் புலமை இவர்களிடமும் காணப்படுகிறது. பின்சுவரிலிருந்து பெயரும் பெரிய பனிக்கட்டிகள் உருண்டு வரும் வழியிலேயே அந்தப் பார்வையாளர் மேடை அமைந்திருப்பதும், அங்கே உட்காராதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரித்துவருவதும் இதில் உள்ள வேடிக்கை. இக்கூட்டம் இன்றும் பேசி மகிழும் கதை, 1939-இல் நடந்த இன்ஃபெர்னோ போட்டியைப் பற்றியது. நரகம் என்று பொருள்படும் பெயருடைய அப்போட்டியில், டோனி மாட் என்ற ஆஸ்திரிய இளைஞர், மற்றவர்கள் வளைந்து வளைந்து இறங்கிய பின்சுவரில் வளைவே எடுக்காமல் நேராகப் பாய்ந்து, உச்சியிலிருந்து அடிவாரம்வரை 6 நிமிடம் 29 விநாடியில் இறங்கினார்.

இதனை விளையாட்டு என்று மட்டும் எழுதி நிறுத்துவது நேர்மையாகாது. விழுந்தவர் நிற்க இடமில்லாமல் பாறைவரை வழுக்கிச் செல்வதும், பனிக்கும் பாறைக்கும் இடையே உருகித் திறந்த பிளவுகளில் விழுவதும், பனிச்சரிவில் புதைவதும் இப்பள்ளத்தில் உயிர்களைப் பறித்திருக்கின்றன. ஆகவே வனத்துறையின் பனிச்சரிவு மையம் வெளியிடும் முன்னறிவிப்பைப் படித்து, பனிக்கோடரி, முள்தகடு, தலைக்கவசம் ஆகியவற்றோடும், புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் வானொலிக் கருவி, நீளக்கோல், மண்வாரி ஆகியவற்றோடும் வருவதே முறையாகக் கருதப்படுகிறது. வெயிலும் ஓர் ஆபத்து. பனி அதைப் பெருமளவு மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், மூக்குத்துளைக்குள்ளும் களிம்பு பூசிக்கொள்ளாதவருக்கு அங்கேயே தோல் உரியும்.

செலவைப் பற்றியும் பெரியப்பா கேட்டிருந்தார். பெரிய மையங்கள் சிலவற்றில் ஒரு நாள் நாற்காலிக் கட்டணம் 200 டாலரைத் தாண்டுகிறது. நடப்பதற்கோ கட்டணம் இல்லை. இந்தச் சேமிப்பைச் சொல்லி வீட்டில் அனுமதி பெறுபவர்கள், பலகை, காலணி, தோல், கருவிகள் ஆகியவற்றுக்குக் கொடுத்த தொகையை அதே மூச்சில் சொல்வதில்லை. இதை எழுதும் தம்பி மகனின் வீட்டிலும் அது இன்னும் சொல்லப்படவில்லையாதலால், இக்கடிதத்தின் இந்தப் பத்தியை மட்டும் பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் தம்பி மகனின் இரு முழங்கால்களும் மாடிப்படி இறங்க மறுத்துவருகின்றன. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கற்பூராதித் தைலம் 2 குப்பிகளைக் கசியாதவாறு சுற்றி, மே மாத மூன்றாம் வாரத்துக்குள் வந்து சேரும்படி அனுப்பிவைக்கவும். அதற்குப் பிறகு பனி நிச்சயமில்லை.