ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டதால், பொமரேனியன் வளர்ப்பவர்களுக்கு அதன் முடியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மொட்டை அடிக்கலாமா கூடாதா என்று தெருவில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமை நாய் டாக்டரிடம் நடந்ததை முதலில் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஜீரணம் ஆகாது.

எங்கள் பொமரேனியன் ஜிம்மியை எடை மெஷினில் நிற்க வைத்தார்கள். 9 கிலோ 200 கிராம். டாக்டர் மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். 9 கிலோ 200 கிராம்தான். "என்ன சார் சாப்பாடு குடுக்கறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்: "ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்." குரல் தழுதழுத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த லாப்ரடார்க்கார அம்மா, "எங்க வீட்லயும் இதே கதைதாங்க, சோத்தைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்குது" என்று சேர்ந்துகொண்டார். அந்த லாப்ரடாரைத் தரையிலிருந்து எழுப்ப அப்போது கம்பவுண்டரும் இன்னொருவரும் முயன்றுகொண்டிருந்தார்கள்.

டாக்டர் பொறுமைசாலி. "சார், நம்ம ஊர்ல பொமரேனியன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். ஒரிஜினல் பொமரேனியன் மூணு கிலோவைத் தாண்டறதே அபூர்வம். உங்களோடது ஆறு கிலோ இருக்கலாம், தப்பில்லை. அதுக்கு மேல போனா முழங்கால் சில்லு நழுவும், மூச்சுக்குழாய் தொய்யும்" என்றார். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றிப் போடும் பட்டை வாங்கச் சொன்னார். என் மகள் அங்கேயே போனில் தேடி, விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்றொரு பொமரேனியனைக் கொண்டுவந்தார் என்றும், அதன் எடை 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ என்றும், மகாராணி வீட்டு நாயைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் குட்டிப் பொமரேனியன் மோகமே வந்தது என்றும் வாசித்தாள். கணக்குப் பார்த்தால் எங்கள் ஜிம்மி ஒன்றரை மார்கோவுக்கு மேல். ஒரு பேரரசையே ஆண்ட வீட்டில் ஐந்தரைக் கிலோவில் நிறுத்த முடிந்திருக்கிறது. தாம்பரத்தில் முடியவில்லை.

ஆனாலும் என் மனைவி பொய் சொல்லவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டப்படி சாப்பாடு என்றால் ஜிம்மியின் எவர்சில்வர் தட்டில் போடும் பெடிக்ரி மட்டும்தான். அதை அவன் தொடுவதில்லை. ஆகவே அவன் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மற்றதெல்லாம் வேறு வேறு இலாகாக்களில் வருகிறது.

விடியற்காலையில் பால் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் சத்தத்துக்கு எழுந்திருப்பான். ஒரு கிண்ணம் பால். "பால் குடிக்கிறதுதானேடா, சாப்பாடா?" என்பார் என் அம்மா. காபியோடு இரண்டு மாரி பிஸ்கட், அது வாய்க்கு. கல்லில் ஒட்டிக்கொள்ளும் முதல் தோசை, அது எப்படியும் வீணாகப் போவது. சில நாளாக இரண்டாவது தோசையும் ஒட்டிக்கொள்கிறது, கல் சரியில்லையாம். பத்து மணிக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டால் மாடியில் தூங்குகிறவன் படிக்கட்டில் உருண்டு வருவான். தேங்காய்ச் சில்லு பல்லுக்கு நல்லது. கேரட் நறுக்கினால் கேரட், அது கண்ணுக்கு. பகலில் பருப்பு சாதத்தில் நெய், ஏனென்றால் அவனுக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. மூன்று மணிக்குத் தயிர்சாதம், சூட்டுக்கு. அமாவாசையன்று மொட்டை மாடியில் காக்காய்க்கு வைக்கிற சோறு தனி. அது முன்னோர் கணக்கு, அதில் நான் தலையிட முடியாது. காக்காய்கள் இப்போது எதிர் வீட்டுக்குப் போகின்றன. மாலையில் என் மகள் கல்லூரியிலிருந்து வந்து பாதி பஃப்ஸைப் பிய்த்துப் போடுவாள், அது பாசம். இரவில் ஒரு முட்டை, அது முடிக்கு. புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டுக்குள் முட்டை வராது. ஜிம்மிக்கு மட்டும் வரும். மாடியில் தனிச் சட்டியில் வேகும். "நாய்க்கு ஏதுடா புரட்டாசி?" என்பார் அம்மா. எனக்கு இருக்கிறது.

ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 350 கலோரி, மிஞ்சிப்போனால் 400 போதும். ஒரு தோசையே நூற்றைத் தாண்டும், நெய் தனி. இதைக் காகிதத்தில் கூட்டிக் காட்டினேன். அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "குழந்தை சாப்பிடறதைக் கணக்குப் பண்ணக் கூடாது, கண்ணு பட்டுடும்" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். ஜிம்மிக்கு வயது ஏழு.

உயிருக்கு ஆபத்தானதையாவது நிறுத்துவோம் என்று சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம், திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்று விளக்கினேன். இதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த விசேஷத்தில் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாயசத்திலிருந்து உலர்திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, பாயசத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, "நீ சொன்னபடிதாண்டா" என்றார். பொறுக்கிய திராட்சையைக்கூட எனக்குத் தரவில்லை.

முடி விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வம்பும் அதனால்தான். விலாவில் கைவைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படாவிட்டால் நாய் குண்டு என்பது டாக்டர் காட்டிய சோதனை. இவனுக்கு முதலில் முடி, அதற்கடியில் பஞ்சு பஞ்சாக இன்னொரு முடி, அதற்குக் கீழே தோசை. எலும்பு எங்கே அகப்படும்? ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டினால் அத்தனை முடியும் நனைந்து உடம்போடு ஒட்டி, காலும் காதும் மட்டும் தெரிகிற ஒரு ஜீவன் குளியலறையிலிருந்து வெளியே வரும். அதைப் பார்த்ததும் அம்மா, "ஐயோ, எப்படி இளைச்சுப் போயிட்டான் பாருடா!" என்று நெஞ்சில் கை வைப்பார். துவட்டி முடிப்பதற்குள் நெய் சோறு வந்துவிடும். இனி முடியைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். கோபமாக வருகிறது.

ஏனென்றால் இதே வீட்டில் எனக்குச் சர்க்கரை. மூன்று இட்லிக்கு மேல் கேட்டால், "ஏங்க, டாக்டர் என்ன சொன்னார்?" என்று குரல் வருகிறது. என் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. அது வார்த்தைக்கு வார்த்தை அமலாகிறது. ஜிம்மியின் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் அதன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு என் மனைவி, "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்கிறாள். அவன் சாப்பிட்டதை யாரும் நம்புவதில்லை. நான் சாப்பிடவில்லை என்றாலும் நம்புவதில்லை. பொரித்த அப்பளம் ஒன்று குறைந்தால் என் சட்டையைத்தான் மோந்து பார்க்கிறார்கள்.

ஜிம்மியின் சீட்டில் அமலாவது ஒரே ஒரு வரி: காலையும் மாலையும் நடை. "உங்களுக்கும் நல்லதுதானே" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். புதுப் பட்டையை மாட்டி அழைத்துப்போனால் தெருமுனை வரை நடப்பான். அங்கே உட்கார்ந்துவிடுவான். அந்த 9 கிலோ 200 கிராமை இடுப்பில் தூக்கிக்கொண்டு மீதித் தூரத்தை நான் நடக்கிறேன். டீக்கடை தெரிந்தால் மட்டும் தானாக இறங்கிவிடுவான். நேற்று மாலை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் பாட்டிலைத் திறந்து இரண்டு பொறையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "யார் கணக்குங்க இது?" என்றேன். "உங்க அம்மா மாசாமாசம் குடுத்துடறாங்க சார், வீட்ல ஒண்ணுமே சாப்பிடறதில்லையாமே" என்றார். சரி, எனக்கும் ஒரு டீ போடுங்கள் என்றேன். டம்ளரை நீட்டியபடியே சொன்னார்: "சர்க்கரை போடல சார். அதையும் அம்மா சொல்லியிருக்காங்க."